ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவு செய்த காதுகள்

எங்கள் ஊர்ப் பெண்கள் இடது காதில் கணக்குப் பாடம் கேட்டுக்கொண்டே வலது காதால் கொத்தமல்லிக் கட்டுக்கு விலை பேசிய வருஷம் ஒன்று இருந்தது. விருத்தாசலத்தில் கல்யாணம் ஆனது, வீடு கட்டினது, மாமியார் போய்ச் சேர்ந்தது எல்லாவற்றையும் இன்றைக்கும் அதற்கு முன்னால், அதற்குப் பின்னால் என்றுதான் சொல்கிறார்கள். வெளியூரில் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் ஊரில் என்ன பெரிதாக வாழ்கிறதாம்.

அந்த வருஷம்தான் கான்வென்டுக்குக் கொர்னேலியா என்று ஒரு டிராயிங் டீச்சர் வந்தாள். நானும் அதே கான்வென்டில் படித்தவள்தான். என் காலத்தில் டிராயிங் பீரியட் என்பது கணக்கு மிஸ் வந்து பிடுங்கிக்கொள்வதற்காகவே டைம்டேபிளில் போட்டு வைத்திருந்த பீரியட். தப்பித் தவறி டிராயிங் நடந்துவிட்டால் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, பக்கத்தில் குடிசையைவிடப் பெரிய வாத்து. கொர்னேலியா மலையும் வரையச் சொல்லவில்லை, வாத்தும் வரையச் சொல்லவில்லை. சாக்கு மூட்டையில் களிமண்ணைக் கொண்டுவந்து மேஜைமேல் கொட்டினாள். எங்கள் ஊர் பீங்கான் ஊர், மண்ணுக்கா பஞ்சம். கணக்கு மிஸ் வழக்கம்போலப் பீரியடைப் பிடுங்க வந்து பார்த்தாள், வகுப்பில் ஒவ்வொரு பெண்ணுக்கும் முழங்கைவரை வெள்ளைச் சேறு, எந்தக் கையால் கணக்கு நோட்டைத் திறக்கச் சொல்வது என்று தெரியாமல் திரும்பிப் போனாள். அதற்காகவே அந்தக் கொர்னேலியாவை எனக்குப் பிடித்துப்போயிற்று.

முதல் வேலையாக, அம்மாவின் காதை மனதிலிருந்து வரையச் சொன்னாள். ஒன்பது ‘பி’ முழுக்க உட்கார்ந்து கேள்விக்குறி வரைந்து வைத்தது. பிறந்ததிலிருந்து அந்த முகத்தைப் பார்க்கிறீர்களே, காது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறதென்று ஒருத்திக்கும் தெரியவில்லையா என்று கேட்டாளாம். என் பெண் அனுசுயா, எங்கம்மா காதைக் காட்ட மாட்டாங்க மிஸ், வாயைத்தான் காட்டுவாங்க என்று சொல்லியிருக்கிறாள். இதை எனக்கு நாலு பேர் வந்து சொன்னார்கள்.

வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், பார்த்ததை மட்டும் செய்யுங்கள், அழகுக்காக ஒன்றும் சேர்க்கவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம், எல்லோரும் இடது காதே செய்யுங்கள், ஜன்னல் வெளிச்சம் அந்தப் பக்கம்தான் விழுகிறது என்று டீச்சர் அனுப்பிவைத்தாள். பிறகு ஊரில் நடந்த கூத்தைக் கேட்க வேண்டுமா. தோசை ஊற்றினால் பெண் வந்து இடது பக்கம் நிற்கிறாள், துணி உலர்த்தினால் பின்னாலேயே வந்து கழுத்தை நீட்டுகிறாள், படுத்தால் டார்ச்சை அடிக்கிறாள். நான் அனுசுயா புதுக் கம்மலுக்கு அடி போடுகிறாள் என்று நினைத்து, நகையைப் பற்றி அவள் வாயைத் திறப்பதற்குமுன்பே ரெண்டு வைத்தேன். அடுத்த தெருவில் ஒருத்தி தன் தலையில் பேன் தெரிகிறதோ என்று பயந்து எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தாள். பஸ் கண்டக்டர் பாவாடையின் பெண் மட்டும், அம்மா ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறாள் என்று அப்பாவின் காதை எடுத்துக்கொண்டாள். பாவாடை அதற்காகவே காது மயிரைக் கத்தரித்துக்கொண்டு வந்தார், கத்தரித்ததை ஒட்டிவைக்கச் சொல்லி அந்தப் பெண் அழுதது.

மண்ணைக் காற்றுக் குமிழி இல்லாமல் பிசைந்து, காதை வனைந்து, பின்பக்கம் குடைந்து, கடைசியில் ஓர் ஈர்க்குச்சியால் காதுக்குழியிலிருந்து பின்னால்வரை துளை போட்டுவிட வேண்டும். துளை இல்லாமல் காற்று உள்ளே அடைபட்டால் சூளையில் வெடிக்கும். தான் வெடிப்பதோடு நிற்காது, பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும், கூட்டுக்குடும்பம் மாதிரி. கான்வென்டில் சூளை ஏது, ஊருக்கு வெளியே ஒரு பீங்கான் ஷெட்டில் கொலுப் பொம்மைகளுக்கும் கரண்ட் கம்பத்துப் பீங்கான்களுக்கும் நடுவில் இந்தக் காதுகளையும் அடுக்கிச் சுட்டார்கள். மினுக்குப் பூச்சு போட்டு மறுபடி சுட்டு, வெள்ளை வெளேரென்று எடுத்துவந்து ஒன்பது ‘பி’ ஜன்னல் ஓரத்துப் பலகையில் வரிசையாக நிறுத்தினார்கள்.

அன்றைக்கு நான் கடுகு தாளித்துக்கொண்டிருந்தேன். என் இடது காதுக்குள், எக்ஸ் ஸ்கொயரை இந்தப் பக்கம் கொண்டு வா என்று ஒரு குரல் சொன்னது. எந்தப் பக்கம் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். கடுகு கருகிப் போயிற்று. வாசலுக்கு வந்தால் தெருவில் பாதிப் பேர் தலையை ஒருக்களித்துக்கொண்டு நிற்கிறார்கள், கிணற்றை எட்டிப் பார்க்கிற காக்கா மாதிரி. ஒருத்தியும் பயப்படவில்லை. வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அந்தக் காதில் கேட்காத குரலா. இதுவாவது கணக்கு.

காது டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே பள்ளிக்கூடம் எதுவும் தெரியவில்லை என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். மருந்து விட்டதில் பாடம் கொஞ்சம் ஈரமாகக் கேட்டது, அவ்வளவுதான். கரண்ட் ஆபீஸ் லைன்மேன் ஒருவர், கம்பத்துப் பீங்கானோடு சேர்த்துச் சுட்டால் லைன் கொடுக்காமல் என்ன செய்யும் என்றார். அதற்குமேல் காரணத்தை ஒருவரும் தேடவில்லை. எங்களுக்கு வேலை இருந்தது.

வேலையோடு வேலையாகப் பாடமும் ஓடிற்று. மாவு மில்லில் வரிசையில் நிற்கிறவர்கள் பல்லவர் கால நீர்ப்பாசனத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள், பூக்காரி முழம் போடும்போதே ஆரத்தையும் விட்டத்தையும் சொன்னாள், பாவாடை சேலம் டிக்கெட் கேட்டவர்களுக்கு ஒளிச்சேர்க்கையை விளக்கி ஸ்டேஜ் மாற்றிக் கிழித்துக் கொடுத்தார், கணவன்மார்கள் எதைக் கேட்டாலும் மனைவிமார்கள் கையைத் தூக்கி, இருங்க, வரைபடம் போகுது என்றார்கள். தலைமை சிஸ்டர் பெனடிக்டா சர்க்குலர் அச்சடிப்பதையே நிறுத்திவிட்டார். நேராக ஒன்பது ‘பி’க்கு வந்து, பலகையைப் பார்த்து, நாளை முதல் வெள்ளை ரிப்பன், நைலான் கூடாது என்று சொல்லிவிட்டுப் போவார். அதுவரை பெண்களை எருமை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த கணக்கு மிஸ், பலகையை ஓரக்கண்ணால் பார்த்து, கண்ணுங்களா என்று ஆரம்பித்தாள். கேட்க எனக்கு எருமையே தேவலை என்று இருந்தது.

ஆனால் இந்த லைனில் ஒரு விசேஷம். அந்தப் பக்கத்திலிருந்து வரும், இந்தப் பக்கத்திலிருந்து போகாது. பெண்கள் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். இடைவேளையில் ஒவ்வொருத்தியாகப் பலகைக்கு வந்து தன் வீட்டுக் காதுக்குள் குனிந்து, சாம்பாரில் உப்பு இல்லை என்பாள், உன் பட்டுப்புடவைக் கறை எலி செய்தது இல்லை, நான்தான் என்பாள், கெமிஸ்ட்ரியில் ஃபெயில் என்பாள். இங்கே நாம் தோசைக்கரண்டியை ஓங்கிக்கொண்டு கத்தலாம். அடுப்புதான் கேட்கும். சாயங்காலம் அது பையைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் காலையில் வந்த கோபம் ஊசிப்போய்விடும். ஊசிப்போன கோபத்தைப் பரிமாற முடியுமா. அந்த வருஷம் எங்கள் தெருவில் பிள்ளைகள் அடி வாங்கினது குறைவு, உண்மை பேசினது அதிகம். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று சிஸ்டர் சொன்னார். இருக்கலாம்.

இப்படி ஊரே தலையைச் சாய்த்துக்கொண்டு நடக்கும்போது என் எதிர்வீட்டு மங்கையர்க்கரசி மட்டும் நேராக நடந்தாள். அவள் காதும் பலகையில்தான் இருந்தது. அவள் பெண் நிறைமதி செய்தது. சொல்லப்போனால் அத்தனையிலும் அதுதான் அசல். கனத்த கம்மல் இழுத்து இழுத்து நீண்ட சோணை, மேலே இன்னொரு கம்மல் ஆசைக்குக் குத்தி மூடிப்போன தழும்பு, எல்லாம் அச்சாக இருந்தது. கொர்னேலியா அதற்குத்தான் முதல் மார்க் போட்டாள். ஆனால் மங்கைக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

மங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவள் இல்லை. கேட்டதற்கு ஒன்றரைப் பங்காகக் கொடுப்பாள். ஆனால் அடுத்தவர் வாக்கியத்தை முடிக்க விடமாட்டாள். நீங்கள் எழுவாயை வைத்தால் பயனிலையை அவள் வைத்து, பதிலையும் சொல்லி, உங்களுக்கு ஒரு டம்ளர் மோரும் கொடுத்து அனுப்பிவிடுவாள். இப்படி ஒருத்திக்கு நிறைமதி மாதிரி ஊமைக்கோட்டான் பிறந்ததில் அதிசயமே இல்லை, அந்த வீட்டில் இன்னொரு வாய்க்கு இடம் கிடையாது.

நிறைமதியை அடுத்த வருஷம் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் போட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பத்தாம் வகுப்பிலிருந்தே அங்கே உட்காரவைத்தால் டாக்டர் ஆக்கித்தான் வெளியே விடுவார்களாம். முந்திரி மண்டி வைத்திருந்த அவள் அப்பா தணிகாசலத்துக்கு அதைப்பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்திருக்கலாம், மங்கை அதையும் முடித்துவைத்திருப்பாள்.

அந்தப் பெண்ணுக்குப் போக விருப்பமில்லை. இங்கேயே படித்து, மண் வேலையை விடாமல் பிடித்து, பிறகு எங்கள் ஊரிலேயே இருக்கிற பீங்கான் படிப்பில் சேர வேண்டும் என்று ஆசை. இடைவேளையில் அனுசுயாவிடம் சொல்லிச் சொல்லி அழும். பலகைக்குப் பக்கத்து பெஞ்ச். ஆகையால் என் காதுக்குக் கேட்டது, பூக்காரிக்குக் கேட்டது, சேலம் ரோட்டில் பாவாடைக்கும் கேட்டது, டிக்கெட் கிழிப்பதை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். மொத்தத்தில் அந்தப் பெண்ணின் ஆசை ஊரில் அதன் அம்மாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

சொல்லிப் பார்க்காமல் இல்லை. நானே போனேன்.

“மங்கை, நிறைமதி வந்து...”

“ஒல்லியா இருக்கா, அதானேக்கா. ஹாஸ்டல்ல தினமும் முட்டை குடுக்கறாங்களாம்.”

“அது இல்லடி. அவளுக்கு இந்த மண்ணு...”

“மண்ணுல நடந்து நடந்து கால் பூரா வெடிப்பு. தெரியும்க்கா. அங்க எல்லாம் டைல்ஸு.”

மோர் நன்றாகத்தான் இருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

கௌரவம் பார்க்கிறவள் எத்தனை நாளைக்கு நேராக நடப்பாள். ஒரு நாள் மாவு மில்லில் எல்லோரும் தலையைச் சாய்த்தபோது அவளும் சாய்த்துக்கொண்டு, இப்போதுதான் நிறைமதி சயின்ஸில் முதல் மார்க் வாங்கினாள், மிஸ் எல்லோரையும் கைதட்டச் சொன்னார்கள் என்று சிரித்தாள். வரிசையில் எல்லோரும் அவரவர் டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டார்கள். வரும் வழியில் நான் சொன்னேன். எனக்கு மூடி வைத்துப் பழக்கமில்லை.

“மங்கை, அப்ப பொண்ணுங்க எல்லாம் கிரவுண்டுல. கிளாஸ்ல ஃபேன் மட்டும்தான் சுத்திட்டிருந்துச்சு.”

மாவு டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றாள். அவள் சும்மா நின்று நான் பார்த்ததில்லை.

“எனக்கு ஒண்ணுமே கேக்கலக்கா” என்றாள். “எல்லார் வீட்டுப் புள்ளையும் பேசுது. எம்புள்ளைக்கு எங்கிட்ட சொல்ல ஒண்ணுமே இல்லியா?”

அந்த இடத்தில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே, சூளையில் ஏதோ கோளாறு, டீச்சரை ஒரு பிடி பிடிக்கிறேன் என்று கான்வென்டைப் பார்த்து நடந்துவிட்டாள். மாவு டப்பாவோடு. நானும் பின்னாலேயே ஓடினேன். வேடிக்கைக்கு இல்லை, துணைக்கு. வேடிக்கைக்கும்தான்.

கொர்னேலியா அந்தக் காதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். என்னுடையதைத் தூக்கிப் பிடித்தால் குழிக்குள் பொட்டாக வெளிச்சம் தெரிகிறது. மங்கையுடையதில் தெரியவில்லை. குழி கொஞ்ச தூரம் அழகாக உள்ளே போய், சுவரில் முட்டி நின்றது. துளையே போடாமல் இது எப்படிச் சூளையில் வெடிக்காமல் வந்தது என்று டீச்சருக்கு ஆச்சரியம். காது பள்ளிக்கூடம் கேட்பதில் வராத ஆச்சரியம் அவளுக்கு இதில் வந்தது.

நிறைமதியைக் கூப்பிட்டார்கள். வந்து, அம்மாவைப் பார்த்து, தரையைப் பார்த்து நின்றது. துளை போட மறந்துவிட்டாயா என்று டீச்சர் கேட்டாள்.

“மறக்கல மிஸ். பாத்தத மட்டும் செய்யச் சொன்னீங்க. நான் நல்லா பாத்துட்டேன். அம்மா காதுல ஓட்டை இல்ல.”

துடுக்காகச் சொல்லியிருந்தால் மங்கை அறைந்திருப்பாள். சோணை நீளம் இவ்வளவு என்று சொல்கிற மாதிரி அது அளவு சொல்லிற்று. மங்கை என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“இப்ப போட முடியுமா?” என்று கேட்டாள்.

முடியும், ஆனால் சுட்ட பொருளில் துளை போடுவது ஆபத்து, இரண்டாகப் பிளந்தாலும் பிளக்கும் என்றாள் டீச்சர். பிளந்தால் என்ன ஆகும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். போன மாதம் ஆயா ஒட்டடை அடிக்கும்போது பாவாடையின் காது விளிம்பில் சின்னதாக ஒரு சில்லு போய்விட்டது. மறுநாள் காலை பாவாடையின் சொந்தக் காதிலும் அதே இடத்தில் பள்ளம். வலியில்லை, பேனா செருக வசதி என்று அவர் சொல்லிக்கொண்டார். ஆனால் விளிம்பு வேறு, நடு வேறு. மங்கை வீட்டுக்குப் போய்ச் சொன்னதற்குத் தணிகாசலம், ஒரு காது போனால் போகிறது, நீ ரெண்டையுமா உபயோகிக்கிறாய் என்றாராம். கல்யாணமானதிலிருந்து அந்த மனுஷன் முடித்த முதல் வாக்கியம் அதுதான்.

மங்கை ஒரு ராத்திரி யோசித்தாள். காலையில் பள்ளிக்கூட வாசலில் பெண்ணிடம் சொன்னது இவ்வளவுதான்.

“போடு. உடைஞ்சா உடையட்டும்.”

செய்த கைதான் போட வேண்டும் என்று கொர்னேலியா சொல்லிவிட்டாள். ஷெட்டிலிருந்து கையால் சுற்றுகிற துளைக்கருவி ஒன்றை வாங்கி வந்து, காதைத் தண்ணீர்த் தட்டில் வைத்து, டிராயிங் பீரியட் தோறும் நிறைமதி கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றியது. அவசரப்பட்டால் விரியும். ஆகவே ஊர் முழுக்க எங்கள் காதில் கர்ர் கர்ர் என்று ஒரே அரைப்பு. ஆட்டுக்கல்லை விழுங்கிய மாதிரி இருந்தது. அந்த வாரங்களில் விருத்தாசலத்தில் யார் வீட்டுக் குழம்பும் சரியாக வரவில்லை. மங்கைக்குச் சத்தம் இல்லை, கூச்சம் மட்டும். ஒரு சாவு வீட்டில் பிணத்தின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவள் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டாள். செத்தவருக்கு அவள் மேல் பழைய கோபம் உண்டு, ஆகையால் இதற்கென்று புதிதாகக் கோபித்துக்கொள்ளவில்லை.

இதற்கு நடுவில் விடுதிப் பள்ளியிலிருந்து, வந்து சீட்டை உறுதி செய்யுங்கள், தவறினால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று நாள் குறித்துவிட்டார்கள். துளை விழும்போது விழட்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் காலையிலேயே பஸ் ஏறிவிட்டார்கள். நிறைமதி பள்ளிக்கூடத்துக்கு வந்தது. அது அன்றைக்கு அழவில்லை. கருவியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

மத்தியானம் அரைப்பு நின்றது. கொர்னேலியா, எல்லோரும் வெளியே போங்கள் என்று சொல்வதும், பெஞ்சுகள் நகர்வதும், கதவு சாத்துவதும் கேட்டது. எங்கள் காதுகளை அவளால் வெளியே அனுப்ப முடியவில்லை. நான் அடுப்பை அணைத்தேன். பூக்காரி நாரைக் கீழே வைத்தாள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டோம் என்று சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்.

“அம்மா” என்றது. பெஞ்சைப் பலகைப் பக்கம் இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “உன்னால பதில் சொல்ல முடியாதுன்னு தெரியும். அதனாலதான் சொல்றேன்.”

அதற்குப் பிறகு அந்தப் பெண் பேசிய பேச்சு. பிறந்ததிலிருந்து மங்கை முடித்துவைத்த வாக்கியங்களை எல்லாம் எடுத்து, ஒவ்வொன்றாக, தன் முடிவை வைத்து முடித்தது. தனக்கு வெண்டைக்காய் பிடிக்காது என்பதில் ஆரம்பித்தது. மூன்றாம் வகுப்பு ஆண்டுவிழாவில் தான் மரமாக நிற்க ஆசைப்பட்டதாகவும், ராணி வேஷம் அம்மாவே கேட்டு வாங்கிக்கொடுத்ததாகவும் சொல்லிற்று. மண் பதமாக இருக்கும்போது கை என்ன செய்ய வேண்டுமென்று மண்ணே சொல்லும், நான் ‘ம்’ சொல்லிக்கொண்டே செய்வேன், வேறு யாரிடமும் எனக்கு அப்படிப் பேச வருவதில்லை என்றது. நாமக்கல் வேண்டாம் என்றது. கோபத்தில் வேண்டாம் என்று சொல்லவில்லை, போனால் படித்தும்விடுவேன், டாக்டர் ஆகியும்விடுவேன், உனக்காக எல்லாம் செய்துவிடுவேன், அதுதான் பயமாக இருக்கிறது என்றது. கடைசி மணி அடித்தது. அது நிறுத்தவில்லை. ஆயா வந்து கதவைத் தட்டினாள். கொர்னேலியா ஆயாவைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்தப் பக்கம் நடந்ததைத் தணிகாசலம்தான் எங்களுக்குச் சொன்னார். ஒரு சாயங்காலம் முழுக்க எடுத்துக்கொண்டு, நிறுத்தி, நிதானமாக, குறுக்கே பேச ஆள் இல்லாத ருசியோடு சொன்னார். விடுதிப் பள்ளியின் கேட்டுக்குள் நுழையும்போதுதான் மங்கை நின்றாளாம். இடது காதைப் பொத்தினாள், கையை எடுத்தாள், வேப்பமர நிழலில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் வாயைத் திறந்து திறந்து மூடினாளாம், கரையில் போட்ட கெண்டை மாதிரி. என்னம்மா, மயக்கமா என்று வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்தான், வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை. உள்ளே பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். பக்கத்திலிருந்த பெற்றோர்கள் எல்லாம் உள்ளே போய், சிரித்துக்கொண்டே வெளியே வந்து, காரில் ஏறிப் போய்விட்டார்கள். தணிகாசலம் அவள் தோளைத் தொட்டார், கையைத் தட்டிவிட்டாள். அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கி அந்தத் தண்ணீர் டம்ளரில் விழுந்ததை அவர் பார்த்தார், ஆனால் வெண்டைக்காய் என்று முணுமுணுத்துச் சிரித்தாளாம், அது ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

கடைசியில் அட்மிஷன் கிளார்க்கே சாவிக்கொத்தோடு வெளியே வந்துவிட்டார். ஆபீஸ் மூடப்போகிறோம், இப்போது உள்ளே வருகிறீர்களா, இல்லையென்றால் சீட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும், அப்புறம் வந்து எங்களைக் குறை சொல்லக்கூடாது என்று சத்தமாகவே கேட்டார். மங்கையர்க்கரசி நிமிர்ந்து பார்த்து, உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

“கொஞ்சம் சும்மா இருங்க சார். புள்ள இன்னும் முடிக்கல.”